பதினைந்து நிமிட மின்சாரம்

என் ஓரகத்தியை வீட்டில் எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவோம். அது அவள் பெயர் இல்லை. மில்லிமீட்டரை நான்தான் சுருக்கி வைத்தேன். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, கூடத்தில் மாட்டியிருந்த எங்கள் மாமனார் படத்தைப் பார்த்து, "அக்கா, இது இடப்பக்கம் நாலு மில்லிமீட்டர் இறங்கியிருக்கு" என்றாள். நான் நம்பவில்லை. கைப்பையிலிருந்து ஓர் எஃகு ஸ்கேலை எடுத்து வைத்துக் காட்டினாள். நாலேதான். கைப்பையில் ஸ்கேலோடு புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் கணவர் மூத்தவர், அவள் கணவர் இளையவர். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. ஓரகத்திகள் என்றால் சண்டைக்காரிகள் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நாங்களும் சண்டை போட்டிருக்கிறோம், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். துணி காயப்போடும் கம்பியில் யாருக்கு எவ்வளவு இடம் என்று வந்த சண்டையை அவள் அளந்தே தீர்த்தாள். எனக்குத்தான் நூறு மில்லிமீட்டர் அதிகம் கிடைத்தது. அதற்குப் பிறகு அவளோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை.

வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். வரைவது இவள், கையெழுத்துப் போடுவது முதலாளி. ஒரு நாள், பக்கத்து மனைக்கு விடவேண்டிய இடைவெளி முந்நூறு மில்லிமீட்டர் குறைகிறது, படத்தில் மட்டும் சுவரைத் தள்ளிப் போட்டுவிடு என்று அவர் சொல்லியிருக்கிறார். இவள் முடியாது என்றாள்.

"யாரும்மா வந்து அளக்கப் போறா?" என்று அவர் சிரித்தாராம்.

"நான் அளந்துட்டேனே சார்" என்று சொல்லிவிட்டு, பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பப் போகவே இல்லை. என் கொழுந்தனார் ஒரு வாரம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பஸ் டிரைவர், நல்ல மனிதர். வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அதுவும் சரிதான் என்பார். அதனால் மனைவி சொன்னதும் சரியாகத்தான் இருக்கும் என்று எட்டாம் நாள் எழுந்து வேலைக்குப் போனார்.

அதற்கப்புறம் கையிலிருந்ததையெல்லாம் போட்டு, வீட்டு முன்னறையில் ஒரு லேசர் கட்டிங் மெஷினை இறக்கினாள். ஒரு கட்டில் அளவு இருக்கும். மூடிக்குள் சின்னத் தலை ஒன்று அங்குமிங்கும் ஓடும். அதிலிருந்து இறங்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, பலகையில் பட்ட இடத்தில் ஒரு பொறி மட்டும் தெரியும். அந்த ஒளி பிறப்பது மெஷினின் பின்பக்கத்தில் படுத்திருக்கும் நீளமான கண்ணாடிக் குழாயில். அது சூடேறாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு ப்ளோயர் தனியாக உண்டு. பள்ளிக்கூடங்களுக்குக் கணக்குச் சொல்லித்தரும் மரச்சாமான்கள் செய்கிற கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை கொடுத்தது. பின்னப் பலகை, கோணப் பலகை, ஒன்றோடொன்று பொருந்துகிற துண்டுகள். கால் மில்லிமீட்டர் பிசகினாலும் பொருந்தாது. இவளுக்கென்றே செய்து வைத்த வேலை.

பிரச்சினை கரண்ட். எங்கள் தெருவில் அது நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒரு பலகை வெட்டி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் போனால், தலை நின்ற இடம் மெஷினுக்கு மறந்துவிடும். மறுபடி ஆரம்பித்தால் ஒரு மயிரிழை தள்ளித்தான் வெட்டும். அந்தப் பலகை அவ்வளவுதான். மாதத்துக்கு ஏழெட்டுப் பலகை இப்படிக் குப்பைக்குப் போயிற்று.

இங்கேதான், எல்லாவற்றையும் அளக்கிற அந்த மகராசி ஒன்றை மட்டும் அளக்காமல் விட்டாள். மெஷின் மேல் எண்பது வாட் என்று ஒட்டியிருக்கும். விற்கிறவர்களும் எண்பது வாட் மெஷின் என்றுதான் சொல்வார்கள். அது வெளியே வருகிற ஒளியின் பலம். அந்த ஒளியை உண்டாக்க மெஷின் உள்ளே இழுக்கிற மின்சாரம் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். இவளோ, எண்பது வாட் தானே, ஒரு ஃபேனுக்கு ஆகிற கரண்ட் என்று நினைத்து, வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயரை இழுத்து மெஷினுக்கு மட்டும் கொடுத்துவிட்டாள். தண்ணீரைக் குளிரவைத்துச் சுற்றவிடும் சில்லர் எதிர்ச்சுவரில் வேறு பிளக்கில் இருந்தது. தண்ணீர் நின்றால் மெஷினைத் தானாக நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. அது சும்மா சும்மா மறியல் செய்கிறது என்று மெக்கானிக் அதன் கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த முறை கரண்ட் போனபோது மெஷின் நிற்கவில்லை. இன்வெர்ட்டர் முனகிக்கொண்டே இழுத்தது. புகை கண்ணைக் கரித்தது, ஜன்னலைத் திறந்துவிட்டோம்.

"பாத்தீங்களாக்கா, எவ்வளவு அமைதியா ஓடுது" என்றாள்.

அமைதிதான். சில்லரின் இரைச்சல் இல்லை. இரண்டு பேரும் அந்த அமைதியை ரசித்துக்கொண்டு நின்றோம், முட்டாள்கள். ஐந்தாவது நிமிடம் மெஷினுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டு, அதிலிருந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது.

"மெஷினுக்குக் கரண்ட் குடுத்தேன், தண்ணிக்குக் குடுக்கலக்கா" என்றாள். முகம் செத்துப்போயிருந்தது. அழவில்லை. துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். நானும் துடைத்தேன்.

அன்று சாயங்காலமே என் கணவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவருக்குத் தெருக்கோடியில் வெல்டிங் ஷெட் இருக்கிறது. கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். அங்கே ஒரு டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. நான் அதைச் சக்களத்தி என்பேன். அதற்கு இருமல் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு இருமல் வந்தால் வெந்நீர் குடி என்பார்.

"மெஷினைத் தூக்கிட்டு ஷெட்டுக்கு வந்துடும்மா" என்றார் மில்லியிடம். "ஜெனரேட்டர் இருக்கு, இடம் இருக்கு, ஆளுங்க இருக்காங்க. நீ கம்ப்யூட்டர் முன்னாடி வந்து உக்காந்தா போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். முன்னறையும் காலியாகும்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தொல்லையே. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபம். முன்னறை வேறு, பாகம் பிரித்தபோது அவர் பங்குக்கு வந்தது. அவர் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கொழுந்தனார் என் கணவரைப் பார்த்தார், மில்லியைப் பார்த்தார். "அண்ணன் சொல்றதும் சரிதானே" என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. அதே முன்னறையில் ஒரு காலத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். காலேஜ் பிள்ளைகளும் வக்கீல் குமாஸ்தாக்களும் வாசல் வரை நிற்பார்கள். கரண்ட் போனால் தாள் உள்ளே சிக்கிக்கொள்ளும். 'மெஷினை ஷெட்டுக்குக் கொண்டு வந்துடு, ஜெனரேட்டர் இருக்கு' என்றார். சரி என்றேன். பொறி பறக்கிற இடத்துக்குப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எந்தக் குமாஸ்தா வருவார்? ஆறே மாதத்தில் மெஷின் மேல் இரும்புத் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்தது. பிறகு அது எடைக்குப் போயிற்று. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. பதினாறு வருடம் கழித்து, அதே வார்த்தைகளை இன்னொருத்திக்கு அவர் சொல்லக் கேட்டபோதுதான் வந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

மில்லி திறந்தாள்.

"மெஷின் எங்கயும் வராது பெரியத்தான்."

"அப்ப கரண்டுக்கு என்ன பண்ணுவ?"

"அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

"நீ அளந்து கிழிச்சது போதும்மா. குழாய் உடைஞ்சதை மறந்துட்டியா?"

"மறக்கல. அளக்காததாலதான் உடைஞ்சுது."

அவருக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "சரி, அடுத்த மாசம் கம்பெனி ஆர்டர் இருக்குல்ல? அதுல ஒரே ஒரு பலகை கரண்டால கெட்டாலும் மெஷின் ஷெட்டுக்கு வரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

கொழுந்தனார் தன் பைக்கை விற்றுப் புதுக் குழாய் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் சொன்னதும் சரி, இதுவும் சரி. மில்லி முதல் வேலையாக மெக்கானிக் முறுக்கிவிட்ட சென்சார் கம்பிகளைப் பிரித்து, பழையபடி மாட்டினாள். பிறகு தெரிந்த ஒயர்மேனிடம் ஒரு கிளாம்ப் மீட்டரை இரவல் வாங்கினாள். ஒயரை அறுக்க வேண்டாம், அதன் வாயால் கவ்விப் பிடித்தால் போதும், உள்ளே எவ்வளவு ஓடுகிறது என்று சொல்லிவிடும். பத்து நாள் அந்த மீட்டரோடுதான் குடித்தனம். மெஷின் வெட்டும்போது தொள்ளாயிரம் வாட். ப்ளோயர் ஐந்நூறு. சில்லர் ஓடும்போது ஐந்நூறுதான், ஆனால் அதன் கம்ப்ரஸர் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் மீட்டர் எகிறிக் குதித்தது. எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

"இந்தக் கம்ப்ரஸர்தான்கா திருடன்" என்றாள். "இதையும் சேத்துத் தூக்கணும்னா பேக்கப் ரெண்டு மடங்கு பெருசா வேணும். ஆனா தண்ணி ஓடணுமே தவிர, எந்நேரமும் அதைக் குளிரவெச்சுக்கிட்டே இருக்கணும்னு அவசியமில்ல."

சில்லருக்குள் இருக்கும் தண்ணீர் ஆறு லிட்டர். அதை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியது. மூடி போட்ட பெரிய டப்பா ஒன்றை வாங்கிவந்து, ஐம்பது லிட்டர் ஊற்றி, அதிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் சுற்ற ஒரு சின்ன பம்பு தனியாக வைத்தாள். கரண்ட் இருக்கும்வரை சில்லர் அந்த டப்பாவைக் குளிரவைக்கும். கரண்ட் போனால் பம்பு மட்டும் ஓடும். தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். பதினைந்து நிமிடத்துக்கு மூன்று டிகிரிதான் ஏறியது.

ஷெட்டுக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க ஆசை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மீட்டரின் ஒயர் முனைகளைப் பிளக்கில் செருகினாள். இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. ஒருவர் வெல்டிங் ராடை இரும்பில் தொட்டார். நூற்றுத் தொண்ணூறுக்கு விழுந்து மறுபடி ஏறியது. மேலே பல்பும் கண்ணடித்தது.

"இது வெல்டிங்குக்கு நல்லா தாங்கும் பெரியத்தான். என் மெஷினுக்கு ஆகாது. இப்படி ஏறி இறங்கினா வெட்டுற ஆழமும் ஏறி இறங்கும்."

"இருபது வருஷமா ஓடுது, இதுவரைக்கும் ஒருத்தரும் குத்தம் சொன்னதில்ல" என்றார். முகம் சுண்டிப்போயிற்று. சக்களத்தியைப் பற்றிக் குறை கேட்டதில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை.

பேட்டரிக் கடைக்கும் நானே துணைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய உருப்படியாகக் காட்டினார்.

"எத்தனை மணி நேரம் பேக்கப் வேணும் மேடம்? நாலு? ஆறு?"

"பதினஞ்சு நிமிஷம்."

"பதினஞ்சு நிமிஷமா? அதை வெச்சு என்ன பண்ணுவீங்க? வீட்ல சார் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, பேசிப்போம்."

"வீட்ல ரெண்டு சார் இருக்காங்க. ஒருத்தர் நீங்க சொல்றதும் சரிம்பார், இன்னொருத்தர் ஜெனரேட்டர் வாங்கச் சொல்வார். யாரைக் கூட்டிட்டு வரட்டும்?"

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். மில்லி காகிதத்தைக் கடைக்காரர் முன்னால் விரித்தாள். மெஷின், ப்ளோயர், பம்பு, மூன்றும் சேர்த்து இவ்வளவு. மாறும்போது கண்சிமிட்டும் நேரம்கூட விட்டுப்போகக் கூடாது, அதனால் எந்நேரமும் பேட்டரி வழியாகவே மின்சாரம் கொடுக்கிற ஆன்லைன் யூபிஎஸ்தான் வேண்டும். வெளியே வருகிற மின்சாரம் வீட்டு லைனில் வருவதுபோலச் சீராக இருக்க வேண்டும், மலிவு சரக்கில் வருகிற வெட்டுப்பட்ட அலை வேண்டாம். கடைக்காரர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். அதற்குப் பிறகு சாரைப் பற்றிப் பேசவில்லை.

யூபிஎஸ் வந்து இறங்கியதும் என் கணவர் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "தெருவுல கரண்ட் போனா ரெண்டு மணி நேரம் வராது. இது பதினஞ்சு நிமிஷம் ஓடும். பதினாறாவது நிமிஷம்?"

"நிறுத்திடுவேன்."

"பின்ன எதுக்கு இது?"

"மெஷின் நிக்கக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே பெரியத்தான். நல்லா நிக்கட்டும். ஆனா எப்ப நிக்கணும்னு கரண்ட் சொல்லக் கூடாது. நான்தான் சொல்லணும்."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அவள் கம்ப்யூட்டரைக் காட்டிய பிறகுதான் புரிந்தது. நாற்பது நிமிடம் ஒரே ஓட்டமாக வெட்டிய பலகையை அவள் ஐந்து பகுதிகளாகப் பிரித்து மறுபடி வரைந்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடத்துக்குள் முடியும். ஒரு பகுதியின் துண்டுகள் அடுத்த பகுதியின் துண்டுகளைத் தொடாது. அதனால் ஒரு பகுதி முடிந்து மெஷினை அணைத்தால், மறுபடி தொடங்கும்போது மயிரிழை தள்ளினாலும் கவலை இல்லை. பதினோரு வருடம் அடுத்தவர் கையெழுத்துக்காக வரைந்த கை, இப்போது தனக்காக வரைந்தது.

ஆர்டர் தொடங்கியது. பன்னிரண்டு நாள் வேலை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பன்னிரண்டு நாளும் எங்கள் தெருவில் கரண்ட் போகவே இல்லை. வருடம் முழுக்க எங்களை ஆட்டிவைத்த கரண்ட், அந்தப் பன்னிரண்டு நாள் மட்டும் ஒழுங்குப் பிள்ளையாக இருந்து தொலைத்தது.

கடைசி நாள் மத்தியானம் என் கணவர் முன்னறைக்கு வந்தார். நாலு மணிக்குக் கம்பெனி வண்டி வரும். கடைசிப் பலகை மெஷினில் இருந்தது. அதற்கு மாற்றுப் பலகை வீட்டில் கிடையாது.

"கரண்ட் போகலை, நீ தப்பிச்ச" என்றார். "இதெல்லாம் கணக்குல வராது. ஆர்டர் போனதும் மெஷினைத் தூக்கிடலாம்மா. நாளைக்கே ஆளுங்களை வரச்சொல்லியிருக்கேன்."

சொல்லியிருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆட்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மில்லி கையிலிருந்த ஸ்கேலை மேஜையில் வைத்தாள். அவ்வளவு கோபம்.

"அக்கா, மெயினை இறக்குங்க."

"கடைசிப் பலகைடி இது" என்றேன்.

"தெரியும். மூணாவது பகுதி ஓடுது. எப்ப இறக்கப் போறீங்கன்னு என்கிட்டயும் சொல்லாதீங்க, அவர்கிட்டயும் சொல்லாதீங்க."

மெயின் சுவிட்ச் முன்னறைக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. போய் நின்றேன். ஒரு நிமிடம் பார்த்தேன். தலை ஒரு சின்ன வளைவில் இறங்கி, இருப்பதிலேயே சிறிய துண்டை வெட்ட ஆரம்பித்தது. பத்துக்காசு அகலம்கூட இல்லாத துண்டு. கெடுவதென்றால் இங்கேதான் கெடும். கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

முன்னறைக்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது. ஃபேன் சுழன்று நின்றது. விளக்கு அணைந்தது. சில்லர் அடங்கியது. யூபிஎஸ் ஒரு முறை கூவியது. பொறி மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கு உடனே பழைய அமைதி ஞாபகம் வந்தது. ஆனால் இது அந்த அமைதி இல்லை. ப்ளோயர் இரைந்தது. டப்பாவுக்குள் பம்பு களகளவென்று தண்ணீரை ஓட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு நிமிடம் போயிற்று.

மூன்றாம் பகுதி முடிந்தது. தலை ஓரத்துக்குப் போய் நின்றது. மில்லி அவசரப்படவில்லை. புகை போகும்வரை ப்ளோயரை ஓடவிட்டாள், குழாய் குளிரும்வரை தண்ணீரை ஓடவிட்டாள், பிறகு தானே பொத்தானை அழுத்தி மெஷினை அணைத்தாள். மூடியைத் தூக்கி, அந்தச் சின்னத் துண்டை எடுத்து, அதன் பள்ளத்தில் வைத்து விரலால் அழுத்தினாள். அது வழுக்கி உள்ளே போய் உட்கார்ந்தது. இடுக்கில் ஸ்கேல் முனை நுழையவில்லை. அதை அப்படியே என் கணவர் கையில் கொடுத்தாள்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரும்பு வேலைக்காரர்தான், பொருத்தம் தெரியாதவர் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "சரி சரி, கரண்டைப் போடு. வேர்க்குது" என்றார்.

என் கை இன்னும் மெயின் மேலேயே இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் என் ஜெராக்ஸ் மெஷினும் நின்றிருந்தது. அது நின்ற இடத்தில் தரையில் நாலு சக்கரத் தடம் இன்னும் இருக்கிறது. காலை அதன் மேல் வைத்துக்கொண்டேன்.

"இருங்க" என்றேன். "எப்ப போடணும்னு நான் சொல்றேன்."

"என்னது?"

"நாளைக்கு வர்ற ஆளுங்களை வேண்டாம்னு சொல்லுங்க. இந்த ரூம் அவளுக்குன்னு உங்க வாயால சொல்லுங்க. அப்புறம் போடறேன்."

"ஏய், என்ன புதுசா?"

"புதுசு இல்லைங்க. பதினாறு வருஷம் லேட்டு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் காலடியைப் பார்த்தார். அந்தத் தடம் என்னவென்று அவருக்கும் தெரியும். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து, "நாளைக்கு வரவேண்டாம்ப்பா" என்றார். போனை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "ரூம் அவளுக்கே இருக்கட்டும்" என்றார்.

கைப்பிடியை மேலே தள்ளினேன். ஃபேன் சுற்றியது. சில்லர் உறுமியது. மில்லி எங்கள் இரண்டு பேரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூடியை இறக்கி, மெஷினைப் போட்டு, நாலாவது பகுதியை ஆரம்பித்தாள்.